பிரேக் போட்டிருக்கக் கூடாதா?

ரயில்வே கேட்டில் விபத்து நடந்த மறுநாள், எந்த ஊர் டீக்கடையிலும் இரண்டு கேள்விகள் எழும். "அவ்வளவு பெரிய ரயில் வருவது கண்ணுக்குத் தெரியாமலா குறுக்கே போனார்கள்?" என்பது ஒன்று. "எதிரே வண்டி நிற்பதை ரயில் டிரைவர் பார்த்திருப்பாரே, பிரேக் போட்டிருக்கக் கூடாதா?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கான விடை நம் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடை, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கிறது.

இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம். ஊரார் அந்தக் கேள்வியை ஒரு வாரம் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். ரயிலை ஓட்டி வந்தவர் அதைப் பல வருடம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் பக்கத்துக்குள் அடங்கும் ரயில்

24 பெட்டிகள் கொண்ட ஓர் எக்ஸ்பிரஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். என்ஜினையும் பயணிகளையும் சேர்த்தால் எடை ஏறத்தாழ 1,300 டன். நீளம் அரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். பெட்டிக்கு எட்டுச் சக்கரம், என்ஜினுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 204 சக்கரங்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் சுண்டுவிரல் நகத்தளவுதான், சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர். ஆக, 204 சக்கரங்களும் சேர்ந்து தண்டவாளத்தைத் தொடும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் சொச்சம். புத்தகத்தின் ஒரு பக்கம் அதைவிடப் பெரியது.

ரயிலின் சிக்கனம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ரப்பர் டயர் உருளும்போது நசுங்கி நிமிர்ந்து ஆற்றலைத் தின்கிறது. எஃகு அப்படி நசுங்குவதில்லை. அதனால்தான் ஒற்றை என்ஜின் ஆயிரம் டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட முடிகிறது. ஆனால் உருளத் தடை இல்லாத இடத்தில், நிற்கப் பிடிப்பும் இருக்காது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் திறனைப் பிடிமானம் என்று சொல்லிக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் ரப்பர் டயருக்குக் கிடைக்கும் பிடிமானத்தில் பாதிகூட எஃகுச் சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை. தூறல் விழுந்தாலோ பனி படிந்தாலோ இன்னும் குறையும். அந்த எல்லையைத் தாண்டி பிரேக்கை இறுக்கினால், சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே ரயிலின் பிரேக்கை அந்த எல்லைக்கு உள்ளேயே அமைக்க வேண்டியிருக்கிறது.

பிரேக் போடும் முறையும் காரிலிருந்து வேறுபட்டது. வண்டியின் முதலிலிருந்து கடைசிவரை ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. அதில் எப்போதும் அழுத்தக் காற்று நிறைந்திருக்கும். ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பினால் குழாயிலிருந்து காற்று வெளியேறும். அழுத்தம் குறைந்ததும் ஒவ்வொரு பெட்டியின் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் வண்டி தானாக நின்றுவிடும் என்பதால் இது மிகப் பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் அழுத்தம் குறைந்த சேதி அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைசிப் பெட்டியைச் சென்றடையவும், பிடி முழுதாக இறுகவும் சில விநாடிகள் ஆகின்றன.

பத்து விநாடிக் கணக்கு

இப்போது ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். நம் எக்ஸ்பிரஸ் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அப்படியென்றால் விநாடிக்கு 30 மீட்டர். நேரான தடம், பகல் நேரம். 300 மீட்டர் முன்னால், கேட்டின் நடுவே ஒரு வேன் தண்டவாளத்தின் மேல் நிற்பதை ஓட்டுநர் பார்க்கிறார். பிரேக்கைத் தொடாவிட்டால் ரயில் சரியாகப் பத்து விநாடியில் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

பார்த்தது வேன்தான், அது நகரவில்லை என்று மூளை உறுதிசெய்து கை பிரேக்குக்குப் போக 2 விநாடி. காற்று வெளியேறி எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்க 3 விநாடி. இந்த 5 விநாடிகளில் ரயில் தன் வேகத்தில் 150 மீட்டரைக் கடந்துவிட்டது. மிச்சம் 150 மீட்டர்.

அவசர பிரேக் முழுதாகப் பிடித்த பிறகு வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய நீளமான பயணிகள் வண்டிக்கு இது நடைமுறைக்கு நெருக்கமான அளவுதான். மீதி 150 மீட்டரைக் கடக்க ஐந்து விநாடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் குறையும் வேகம் விநாடிக்கு மூன்று மீட்டர் சொச்சம். ஆகவே மோதும்போது ரயிலின் வேகம் மணிக்கு 97 கிலோமீட்டர்.

108இல் வந்த வண்டி, ஓட்டுநர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், 97இல் மோதுகிறது. பிரேக் போட்டதால் வேனில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த நேரம் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தூரத்தை இரட்டிப்பாக்கிப் பார்ப்போம். கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் தடத்தோரம் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். 'ஹாரன் அடி' என்று ஓட்டுநருக்குச் சொல்லும் பலகை அது. அந்த இடத்திலேயே அவர் வேனைப் பார்த்துவிட்டால்? அப்போதும் 68 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். மோதாமல் நிற்க வேண்டுமானால் அவர் 900 மீட்டருக்கு அப்பாலேயே பார்த்தாக வேண்டும். அந்தத் தொலைவில் ஒரு வேன் தண்டவாளத்தில் நிற்கிறதா, கடந்துகொண்டிருக்கிறதா என்று உடனே பிரித்தறிவது கடினம். வளைவு, மரம், பனிமூட்டம், இரவு எதையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஓட்டுநர் ஒரு விநாடி முன்னதாகக் கையை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 97க்குப் பதில் 94இல் மோதியிருக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

கண் சொல்லும் பொய்

இப்போது சாலையில் நிற்பவரின் பக்கம் போவோம். அவர் ரயிலைப் பார்க்காமல் குறுக்கே போகிறார் என்று நினைக்கிறோம். பல விபத்துகளில் அவர் பார்த்திருக்கிறார். பார்த்து, 'இன்னும் நேரமிருக்கிறது' என்று முடிவு செய்திருக்கிறார்.

நம்மை நோக்கி நேராக வரும் பொருளின் வேகத்தைக் கண் எப்படி அளக்கிறது? அதன் உருவம் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான். ரயிலின் அகலம் சுமார் 3.2 மீட்டர். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் நமக்கு, 360 மீட்டர் தொலைவில் வரும் ரயில் வானத்து முழுநிலவின் அகலத்துக்குத் தெரியும். நம் எக்ஸ்பிரஸ் வேகத்தில் அது நம்மை அடைய 12 விநாடி. அதற்கு முந்தைய 12 விநாடிகளில் அது அரை நிலவிலிருந்து ஒரு நிலவாக வளர்ந்திருக்கும், அவ்வளவுதான். இந்த வளர்ச்சி கண்ணுக்கு அசைவாகவே தெரியாது. ரயில் தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும். பிறகு, 6 விநாடி மிச்சமிருக்கையில் இரண்டு நிலவு. 3 விநாடி மிச்சமிருக்கையில் நான்கு. கடைசி ஒரு விநாடியில் பன்னிரண்டு. ரயில் திடீரென்று பாய்ந்து வந்ததாக உயிர் தப்பியவர்கள் சொல்வது மிகையே இல்லை. அவர்கள் கண்டது அதைத்தான்.

இதற்கு மேல் இன்னொரு மயக்கமும் உண்டு. ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரே வேகத்தில் தரையிறங்கினாலும் பெரிய விமானம் சிறிய விமானத்தைவிட மெதுவாக வருவதுபோல் தோன்றுவதைக் கவனித்தார். ரயில் விஷயத்திலும் இதே கண்மயக்கம் வேலை செய்கிறது என்று 1985இல் ஒரு கட்டுரையில் எழுதினார். நீண்ட காலம் அது கருத்தாகவே இருந்தது. 2013இல் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரையில் ரயிலையும் காரையும் வரவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே வேகத்தில் வந்தாலும், காரைவிட ரயில் மெதுவாக வருவதாகவே பார்த்தவர்கள் கணித்தார்கள். பெரிய உருவத்துக்குக் குறைந்த வேகத்தைக் கொடுத்துவிடும் இந்தக் குணத்தைப் 'பேருரு மயக்கம்' எனலாம். சாலையில் லாரியையும் பைக்கையும் பார்த்துப் பழகிய கண், வாழ்நாள் அனுபவத்தை நம்பித்தான் ரயில் முன்னால் கணக்குப் போடுகிறது. அந்த அனுபவம் இங்கே உதவுவதில்லை.

பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தினமும் அதே கேட்டைக் கடப்பவருக்கு ரயில் நேரம் மனப்பாடம். "இப்ப வண்டி கிடையாது" என்பார். சரக்கு ரயிலும் சிறப்பு ரயிலும் அவருடைய அட்டவணையில் இல்லை. இரட்டைத் தடமாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒரு ரயில் போய் முடிந்ததும் வண்டியைக் கிளப்புவார்; அதன் மறைவில் எதிர்த்திசை ரயில் வந்துகொண்டிருக்கும். டீசல் என்ஜினின் உறுமல் போய் மின்சார என்ஜின் வந்த பிறகு, தூரத்திலேயே காதில் விழும் எச்சரிக்கையும் குறைந்துவிட்டது.

என்ஜின் அறைக்குள்

மோதலின்போது ரயிலுக்கு என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. 1,300 டன் வண்டி ஒரு டன் காரின் மேல் மோதினால் அதன் வேகம் மணிக்கு 0.1 கிலோமீட்டர்கூடக் குறையாது. பின்பெட்டிகளில் இருப்பவர்களுக்கு வண்டி ஏன் நிற்கிறது என்பதே தெரியாது. என்ஜின் முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். லோகோ பைலட் என்று ரயில்வே இப்போது அழைக்கும் ஓட்டுநர், அவருக்குப் பக்கத்தில் உதவி லோகோ பைலட்.

எப்போதும் அவர்கள் உடலுக்கு ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது. 2004 நவம்பர் 6ஆம் தேதி இங்கிலாந்தின் அஃப்டன் நெர்வெட் கேட்டில் ஒருவர் வேண்டுமென்றே காரைத் தண்டவாளத்தில் நிறுத்தினார். விரைவு ரயில் அதில் மோதித் தடம் புரண்டது. இறந்த ஏழு பேரில் ரயில் ஓட்டுநரும் ஒருவர்.

ஆனால் நாம் கணக்கிட்ட அந்தப் பத்து விநாடிகளைப் பாருங்கள். பிரேக் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்த பிறகு ஓட்டுநர் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. திருப்ப ஸ்டியரிங் இல்லை. ஐந்து விநாடி சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். எதிரே இருப்பவரின் முகம் தெரியும் தூரம் வரும். ஒரு மனிதருக்கு இதைவிடக் கொடுமையான ஐந்து விநாடிகள் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி நின்றதும் அழ நேரமில்லை. பக்கத்துத் தடத்தில் வரும் ரயிலை எச்சரிக்க மஞ்சள் விளக்கை மினுக்க விட வேண்டும். வாக்கி டாக்கியில் கார்டுக்கும் நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் சிவப்புக் கொடியோடும் டெட்டனேட்டரோடும் தடத்தில் ஓட வேண்டும். சக்கரம் ஏறினால் வெடித்து ஓசையெழுப்பி, அடுத்த ரயிலை நிறுத்தச் சொல்லும் சிறு வெடிதான் டெட்டனேட்டர். கீழே இறங்கி என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகளில் அந்த இடத்திலேயே ஓட்டுநரை விடுவித்து, வேறொருவரை அனுப்புவது வழக்கம். நம் நாட்டில் பல சமயம், தடம் சரியானதும் அதே கை அதே பிரேக்கைப் பிடித்துப் பயணத்தைத் தொடர்கிறது. அடுத்த சில கிலோமீட்டரில் அடுத்த கேட் வரும்.

1992இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, லண்டன் சுரங்க ரயிலின் முன் மனிதர்கள் விழுந்த சம்பவங்களுக்குப் பிறகு அந்த ஓட்டுநர்களைச் சந்தித்துக் கேட்டது. ஒரு மாதம் கழிந்த நிலையில் சுமார் ஆறில் ஒருவருக்கு 'அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்தக் கோளாறு' இருந்தது. நடந்ததை நினைவுகூர்வது வேறு. இந்தக் கோளாறில் அது திரும்ப நடக்கிறது. ஹாரன் சத்தம் கேட்டால், அதே இடம் வந்தால், உடம்பு அன்றைய நிலைக்கே போய்விடும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், வீட்டாரிடமிருந்து விலகச் சொல்லும். அதே ஆய்வில் மனச்சோர்வு, அச்சம் போன்ற பிற பாதிப்புகள் இன்னும் அதிகம் பேருக்கு இருந்தன. 

இவர்களை அரிக்கும் எண்ணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு விநாடி முன்னால் பார்த்திருந்தால்…" நினைவில் வைக்கச் சொன்ன எண் இங்கேதான் தேவைப்படுகிறது. 97க்குப் பதில் 94. அந்த ஒரு விநாடியால் எதுவும் மாறியிருக்காது. லோகோ பைலட் பயிற்சிப் பள்ளிகளில் பிரேக் தூரத்தைச் சொல்லிக்கொடுக்கும் அதே பாடத்தில் இந்தக் கணக்கையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தவறு செய்யாதவர் தன்னைத் தண்டித்துக்கொள்வதைத் தடுக்க இயற்பியலுக்கு வழி இருக்கிறது.

கேட்டைப் பூட்டுவது எது?

பிரேக்கால் காப்பாற்ற முடியாது என்றால், ரயில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே தடம் காலியாக இருப்பது உறுதியாக வேண்டும். கேட்டின் வேலை அதுதான். அகலப்பாதையில் இருந்த ஆளில்லாக் கேட்டுகள் எல்லாவற்றையும் இந்திய ரயில்வே 2019 ஜனவரிக்குள் அகற்றிவிட்டது. அதற்கு முன் அவை பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருந்தன. 2014இல் தெலங்கானாவின் மாசாய்ப்பேட்டையிலும், 2018இல் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரிலும் மோதியவை பள்ளி வாகனங்கள்.

இப்போது இருப்பவை ஆளுள்ள கேட்டுகள், ஏறத்தாழ 17 ஆயிரம். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் நிலைய அதிகாரி தொலைபேசியில் "வண்டி வருகிறது" என்பார். கேட் கீப்பர் கேட்டைப் போட்டுவிட்டு, அதற்குச் சாட்சியாகத் தன் தாளில் உள்ள ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். பிரைவேட் நம்பர் என்பார்கள். எண் கிடைத்தால் கேட் மூடியதாகப் பொருள். அதாவது, பாதுகாப்பு முழுவதும் ஒரு மனிதரின் வார்த்தையில் நிற்கிறது. தூங்கிவிட்டாலோ, பதற்றத்தில் எண்ணை மட்டும் சொல்லிவிட்டாலோ, ரயிலை நிறுத்த வேறெதுவும் இல்லை.

இன்னொரு வகை இன்டர்லாக் செய்த கேட். இதில் கேட்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. கேட் மூடாமல் சிக்னல் பச்சையாகாது. சிக்னல் பச்சையாக இருக்கும்வரை கேட்டைத் திறக்க முடியாது. கேட் கீப்பர் தவறினால் ரயில் சிவப்பு விளக்கில் நிற்கும். தாமதமாகும், யாரும் சாக மாட்டார்கள். இதுவரை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் இப்படி மாற்றியிருக்கிறார்கள்.

2025 ஜூலை 8ஆம் தேதி காலை, கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் பள்ளி வேன் மீது மோதி மூன்று மாணவர்கள் இறந்த கேட், இன்டர்லாக் செய்யப்படாதது. ரயில் வரும்போது அது திறந்திருந்தது. கேட் கீப்பரைக் கைது செய்தார்கள். விசாரணையில் அவர் பதில் சொல்லட்டும். ஆனால் ஒருவரின் தவறு மூன்று உயிரை எடுக்கும்படி ஓர் ஏற்பாட்டை விட்டுவைத்ததற்கும் யாரோ பதில் சொல்ல வேண்டும்.

எந்தக் கேட்டுக்கு இன்டர்லாக் என்று முடிவுசெய்ய ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்குக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 20 ரயில், 600 வாகனம் என்றால் 12,000. செம்மங்குப்பத்துக்கு முன் வரம்பு 20,000. அதற்குப் பிறகு 10,000 ஆகக் குறைத்தார்கள். குறைத்தது நல்லது. ஆனால் காலி வேனும், பிள்ளைகள் நிறைந்த வேனும் அந்தப் பெருக்கலில் ஒன்றுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பாலமும் மழைநீரும்

முழுத் தீர்வு, சாலையும் தடமும் சந்திக்காமல் செய்வது. ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த, அனில் ககோட்கர் தலைமையிலான குழு எல்லா லெவல் கிராசிங்குகளையும் ஐந்தாண்டுகளில் ஒழிக்கச் சொன்னது 2012இல். மேம்பாலத்துக்குச் செலவு அதிகம் என்பதால் பல ஊர்களில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். அது ரயிலிடமிருந்து காப்பாற்றுகிறது. மழை பெய்தால் குளமாகிவிடுகிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே, ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். வடிகாலும் மோட்டாரும் இல்லாத சுரங்கப்பாதையைக் கேட்டுக்கு மாற்றாகக் கணக்கில் காட்டக் கூடாது.

வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால்

அதுவரை கேட்டுகள் இருக்கும், நாம் கடந்துகொண்டுதான் இருப்போம். உங்கள் வண்டி என்றாவது தண்டவாளத்தின் மேல் ஆஃப் ஆகிவிட்டால், சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதீர்கள். முதலில் எல்லாரையும் இறக்கிவிடுங்கள். தடத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள். மோதிச் சிதறும் பாகங்கள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். கேட் கீப்பரிடம் உடனே சொல்லுங்கள். அவரிடம் தொலைபேசியும் சிவப்புக் கொடியும் டெட்டனேட்டரும் இருக்கின்றன. ஓட்டுநருக்குச் சேதி 900 மீட்டருக்கு அப்பாலேயே போய்ச் சேர்ந்தால்தான் அவரால் ரயிலை நிறுத்த முடியும்.